நாலு கதிரை

மொழிப் பிரச்சினை இருக்காது, அதிர்ஷ்டக்காரர்கள் நீங்கள் என்றாள்
தத்துக் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்த பெண்.
ஆனந்தவல்லியும் நானும் தலையாட்டினோம்.
மூன்று வருடம். பதினொரு பிரமாணப் பத்திரம்.
வீட்டைப் பார்க்க வந்தவர்
குளியலறைத் தாழ்ப்பாள்வரை எழுதிக்கொண்டு போனார்.
மன்னாரிலிருந்து இரண்டு பிள்ளைகள்.
அக்காவுக்கு ஒன்பது,
தம்பிக்கு இன்னும் ஐந்து ஆகவில்லை.

முதல் இரவு
சாப்பிடுறியா என்றால் ஓம்.
தூங்கலாமா என்றால் ஓம்.
பயமா இருக்கா என்றதற்கும் ஓம்.
அடுப்பருகே என் மனைவி கிசுகிசுத்தாள்:
சர்ச்சில் வளர்ந்த பிள்ளைகள் என்றார்களே,
இதென்ன ஓம் ஓம் என்று?

காலையில் தர்சிகா சவுக்காரம் கேட்டாள்.
மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.
வாசலில் மறித்து
இரண்டு கையையும் தேய்த்துக் காட்டினாள்,
சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல.

மூன்று தலைமுறையாய் ஹலசூருவில் இருக்கிறோம்.
ஒரு 'ஸ்வல்ப' இல்லாமல் என் வாக்கியம் முடியாது.
சென்னையிலிருந்து வரும் மச்சினன்
அதைச் சொல்லியே பந்தியில் சிரிக்க வைப்பான்.
சிரித்துக்கொள்வேன் நானும்.

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில்
அதிகாரி கன்னடத்தில் கேட்டார்:
தமிழ்ப் பிள்ளைகள், தமிழ் வீடு,
இதில் வெளிநாடு எங்கே இருக்கிறது?
நிரோஜன் கண்ணாடித் தடுப்பில் மூச்சை ஊதி
மீன் வரைந்துகொண்டிருந்தான்.
அது மறைவதற்குள் அடுத்தது.

ஜூனில் பள்ளி.
ஆறே வாரத்தில் அவனுக்கு பேக்கு வந்தது, பேடா வந்தது,
தெரு நாய்க்கெல்லாம் பெயர் வந்தது.
அவளோ என்னை
'இஞ்ச பாருங்கோ' என்றுதான் கூப்பிடுவாள்,
அப்பாவுக்கும் அங்கிளுக்கும் நடுவே
ஒரு சந்து கண்டுபிடித்து.

ஒரு ஞாயிறு, காவிரித் தண்ணீர் வராத ஞாயிறு,
சேரை இழுத்துப் போடு என்றான் அக்காவிடம்.
அறைந்தாள்.
கதிரை. சொல்லு. கதிரை.
அவன் அழுதுகொண்டே சேர் என்றான்.
இன்னொரு அறை.
ஆனந்தவல்லி பிடித்தபோது
அந்தக் கை வெடவெடத்துக்கொண்டிருந்தது.
அம்மா வந்து கதைச்சா
இவனுக்கு விளங்காது என்றாள்.

எந்த அம்மா என்று நாங்கள் கேட்கவில்லை.
கோப்பில் இருக்கிறது சான்றிதழ்,
எண்ணோடு, முத்திரையோடு.
அலுமாரியின் மேல்தட்டில்.
ஆமாம், அலுமாரி. நானும் அப்படித்தான் சொல்கிறேன் இப்போது.

அன்றிரவு பால் பாத்திரத்தைக் கழுவியபடி
கதிரை கதிரை என்று
வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.
ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்பதுபோல முடிந்தது.

வீட்டில் இருந்தவை இரண்டுதான், இரண்டும் கால் ஆடுபவை.
சம்பளம் வந்ததும் தர்சிகாவோடு
சிவாஜிநகர் போனேன்.
நாலு கதிரை வேணும் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
ஏனு? என்றார் கடைக்காரர்.
மூட்டை தூக்கும் தமிழ்ப் பையன் உதவிக்கு வந்தான்:
கதிரா சார்? அதெல்லாம் மண்டிப் பக்கம்.
சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள்.
முகமெல்லாம் கூச்சம்.
இஞ்ச பாருங்கோ,
இங்க சேர் எண்டுதான் சொல்லோணும்.

ஆட்டோவில் நாலும் ஏறவில்லை.
இரண்டை முதலில் அனுப்பினோம்.
மற்ற இரண்டையும் நடைபாதையில் போட்டு
அவளும் நானும் உட்கார்ந்திருந்தோம்
பஸ்களைப் பார்த்துக்கொண்டு,
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.
சுற்றிக்கொண்டு போனார்கள் எல்லோரும்.
ஒருவர் மட்டும் நின்று
விலை கேட்டார்.